டிவிடி போதுமா, புளூ-ரே வேண்டுமா?

வீட்டில் படம் பார்க்க உயர்தெளிவு பிளேயர் ஒன்று வாங்கலாமா என்ற கேள்வி 2006-இல் ஒரு விதமாகக் கேட்கப்பட்டது, 2010-இல் வேறு விதமாக, இன்று முற்றிலும் வேறு விதமாக. முதலில், போட்டியிட்ட இரண்டு வட்டுகளில் எது பிழைக்கும் என்பதுதான் கவலை. பிறகு விலை இறங்கட்டும் என்று காத்திருந்தார்கள். இப்போது, கையில் ஓடிடி இருக்கும்போது வட்டு எதற்கு என்று கேட்கிறார்கள். கேள்வி எப்படி மாறினாலும் விடை தேடுகிறவர்கள் கடையில் நின்று பிளேயரைத்தான் பார்க்கிறார்கள். பிளேயரைக் கடைசியாகப் பார்க்க வேண்டும் என்பது என் வாதம். எந்தப் படங்களைப் பார்க்கப்போகிறோம், அவை எந்த மூலப்பிரதியிலிருந்து வட்டுக்கு வந்தவை, டிவி எத்தனை அங்குலம், நாற்காலி அதிலிருந்து எத்தனை அடி தள்ளி இருக்கிறது? இந்த நான்கும் தெரிந்துவிட்டால், எந்தப் பெட்டி வேண்டும் என்பதும், பெட்டியே வேண்டுமா என்பதும் தெரிந்துவிடும்.

டிவிடி 1996 நவம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. 1997 மார்ச்சில் அமெரிக்காவுக்குப் போனது. 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு லேசர் அதைப் படிக்கிறது. தடங்களுக்கு நடுவே 0.74 மைக்ரான் இடைவெளி. ஓர் அடுக்கில் 4.7 ஜிபி, இரண்டு அடுக்கில் 8.5 ஜிபி கொள்ளும். படத்தின் அளவு நம் நாட்டு பால் (PAL) முறையில் 720க்கு 576 புள்ளிகள், அமெரிக்க என்டிஎஸ்சி முறையில் 720க்கு 480. தமிழ்நாட்டில் பல வீடுகள் விஎச்எஸ் கேசட்டிலிருந்து விசிடிக்குப் போய், அங்கிருந்துதான் டிவிடிக்கு வந்தன. விசிடியில் 352க்கு 288 புள்ளிகள். ஒரு படத்துக்கு இரண்டு மூன்று வட்டுகளை மாற்றி மாற்றிப் போட வேண்டும். அதிலிருந்து டிவிடிக்கு வந்தபோது புள்ளிகள் நான்கு மடங்காயின.

இதற்கு மேல் போக லேசரின் அலைநீளம் குறைய வேண்டும். அலைநீளம் குறைந்தால்தான் ஒளிப்புள்ளி சிறுக்கும், அது சிறுத்தால்தான் தடங்களை நெருக்கிப் போட முடியும். நீல ஒளி தரும் குறைகடத்தி பல பத்தாண்டுகளாக ஆய்வாளர்களுக்கு வசப்படாமல் இருந்தது. ஜப்பானின் இசாமு அகசாகியும் ஹிரோஷி அமானோவும் காலியம் நைட்ரைடு படிகத்தை வசத்துக்குக் கொண்டுவந்தார்கள். நிச்சியா நிறுவனத்தில் இருந்த ஷுஜி நகமுரா 1990-களில் பிரகாசமான நீல எல்இடியையும், அதையொட்டி லேசரையும் செய்துகாட்டினார். நீல எல்இடிக்காக மூவரும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்த வேலையின் இன்னொரு கிளைதான் புளூ-ரே. 405 நானோமீட்டர் நீல-ஊதா லேசர், 0.32 மைக்ரான் இடைவெளி, ஓர் அடுக்கில் 25 ஜிபி, இரண்டில் 50. படம் 1920க்கு 1080 புள்ளிகள். பால் டிவிடியோடு ஒப்பிட்டால் இது சரியாக ஐந்து மடங்கு, என்டிஎஸ்சியோடு ஒப்பிட்டால் ஆறு மடங்கு. டிவிடியில் படத்துக்கு நொடிக்கு 9.8 மெகாபிட் உச்சவரம்பு, புளூ-ரேயில் 40. அதோடு, டிவிடியின் எம்பெக்-2 சுருக்கமுறையைவிட புளூ-ரே பயன்படுத்தும் ஏவிசி முறை அதே இடத்தில் அதிக விவரத்தை அடக்கும்.

விசிடியிலிருந்து டிவிடிக்கு நான்கு மடங்கு, டிவிடியிலிருந்து புளூ-ரேக்கு ஐந்து மடங்கு. கணக்கின்படி இரண்டாவது பாய்ச்சல்தான் பெரியது. ஆனாலும் முதல் பாய்ச்சலில் வியந்தவர்கள் பலர் இரண்டாவதில் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார்கள். அவர்கள் கண்ணில் குறை இல்லை. காரணம் டிவியிலும் நாற்காலியிலும் இருக்கிறது. அதற்குப் போகும் முன் அந்த வட்டுப் போரைச் சொல்லிவிடலாம், ஏனென்றால் ‘காத்திருப்போம்’ என்ற பழக்கம் அங்கிருந்துதான் நமக்கு வந்தது.

தோஷிபாவும் என்இசியும் எச்டி டிவிடி என்ற வட்டை முன்வைத்தன. அதற்கும் அதே நீல-ஊதா லேசர்தான், ஆனால் ஓர் அடுக்கில் 15 ஜிபிதான் கொள்ளும். டிவிடி செய்யும் இயந்திரங்களையே சிறிது மாற்றி அதைச் செய்துவிடலாம் என்பது அதன் பலம். சோனி தலைமையிலான அணி புளூ-ரேயைப் பிடித்துக்கொண்டது. 2006 ஏப்ரலில் தோஷிபாவின் முதல் பிளேயர் அமெரிக்காவில் 499 டாலருக்கு வந்தது, ஜூனில் சாம்சங்கின் புளூ-ரே பிளேயர் 999 டாலருக்கு. இந்த விலையை மட்டும் பார்த்தவர்கள் தோஷிபா ஜெயிக்கும் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் நவம்பரில் சோனி தன் பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுப் பெட்டிக்குள்ளேயே புளூ-ரே டிரைவை வைத்து விற்றது. விளையாட வாங்கியவர்கள் வீட்டிலெல்லாம் புளூ-ரே பிளேயரும் சேர்ந்தே வந்து உட்கார்ந்தது. ஸ்டுடியோக்கள் இரண்டு பக்கமும் பிரிந்து நின்றன. 2008 ஜனவரி 4 அன்று வார்னர் பிரதர்ஸ் இனி புளூ-ரே மட்டுமே என்று அறிவித்ததும் தராசு சாய்ந்துவிட்டது. பிப்ரவரியில் வால்மார்ட் உள்ளிட்ட பெரிய கடைகள் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. பிப்ரவரி 19 அன்று தோஷிபா கடையைக் கட்டிக்கொண்டது. எச்டி டிவிடி வாங்கியவர்களிடம் ஓடுகிற பெட்டி இருந்தது, அதில் போட புதுப் படம் வரவில்லை. எழுபதுகளில் தொடங்கிய பீட்டாமேக்ஸ், விஎச்எஸ் சண்டையில் பீட்டாமேக்ஸ் வாங்கியவர்களுக்கும் இதே கதிதான். அந்த இரண்டு வருடம் காத்திருந்தவர்கள் செய்தது சரி. ஆனால் போர் முடிந்த பிறகும் அதே காரணத்தைச் சொல்லிக் காத்திருப்பதில் பொருளில்லை.

இனி கண்ணின் கணக்கு. நல்ல பார்வை உள்ளவரின் கண் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்குக் கோணம் வரை பிரித்தறியும் என்பது மருத்துவர்கள் கொள்ளும் பொது அளவு. டிவித் திரையில் அடுத்தடுத்த இரண்டு வரிகள் அந்தக் கோணத்துக்குள் அடங்கும் தூரத்துக்கு நாம் போய்விட்டால், அதற்கு மேல் வரிகளைக் கூட்டுவதால் கண்ணுக்குப் பயனில்லை. 32 அங்குல டிவியில் டிவிடியின் 576 வரிகள் ஏறக்குறைய எட்டு அடியில் கண்ணுக்குக் கரைந்துவிடும். நம் வீடுகளில் சோபாவிலிருந்து டிவி வரை பெரும்பாலும் எட்டு முதல் பத்து அடி. ஆக, 32 அங்குலத்தில் புளூ-ரே போட்டாலும் தெளிவில் வித்தியாசம் தெரியாமல் போவது இயல்பு. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ‘எச்டி ரெடி’ என்று விற்ற 32 அங்குல டிவிகள் பலவற்றின் திரையில் உண்மையில் 1366க்கு 768 புள்ளிகள்தான். புளூ-ரேயின் 1080 வரிகளை அவை சுருக்கித்தான் காட்டும்.

43 அங்குலத்தில் டிவிடி கரையும் தூரம் பத்தரை அடி, புளூ-ரே கரைவது ஐந்தரை அடி. எட்டு ஒன்பது அடியில் உட்காருகிறவருக்குப் புளூ-ரே தரும் நன்மையில் ஒரு பகுதி கிடைக்கும். 55 அங்குலத்தில் கதை மாறுகிறது. டிவிடியின் வரிகள் பதின்மூன்று அடிக்கு அப்பால்தான் கரையும், புளூ-ரேயின் வரிகள் ஏழு அடியில். எட்டு அடியில் உட்கார்ந்தால் புளூ-ரே கொடுப்பதில் ஏறக்குறைய முழுவதையும் கண் வாங்கிக்கொள்ளும், டிவிடி மங்கலாகத் தெரியும். அதே எட்டு அடியில், புளூ-ரேக்கு அடுத்த தலைமுறையான 4கே வட்டின் கூடுதல் புள்ளிகள் கண்ணுக்கு எட்டாது, அவற்றைப் பார்க்க ஏழு அடிக்குள் வர வேண்டும். 65 அங்குலமாக இருந்தால் அந்த எல்லை எட்டரை அடிக்குத் தள்ளிப்போகும். புரொஜெக்டர் வைத்து 100 அங்குலத்துக்குப் படம் விரிப்பவர் பத்துப் பன்னிரண்டு அடியில் உட்கார்ந்தாலும் டிவிடி தாங்காது. அவர் யோசிக்கவே வேண்டாம். இந்தக் கணக்கைப் போட ஓர் அளவுநாடா போதும், கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே போட்டுவிடலாம். கடையில் பளபளக்கும் செயல்விளக்கப் படத்தை இரண்டடி தூரத்தில் நின்று பார்த்துவிட்டு முடிவெடுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

தமிழ்ப் படங்களுக்கு இதில் தனியாக ஒரு விஷயம் இருக்கிறது. 1973-இல் ‘ராஜராஜ சோழன்’ முதல் தமிழ் சினிமாஸ்கோப் படமாக வந்த பிறகு, அகலத்திரை மெல்ல மெல்ல நம் வழக்கமாகிவிட்டது. அகலம் உயரத்தைவிட 2.35 மடங்கு உள்ள படத்தை டிவிக்குள் வைத்தால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரும். புளூ-ரேயில் அந்தப் பட்டைகள் போக மிஞ்சுவது சுமார் 817 வரி. அகல டிவிக்கென்று சரியாகத் தயாரித்த பால் டிவிடியில் சுமார் 436. ஆனால் பழைய தமிழ் டிவிடிகள் பல, சதுரமான பழைய டிவிக்கென்று, கறுப்புப் பட்டையையும் படத்தோடு சேர்த்தே பதிவு செய்யப்பட்டவை. அவற்றில் படத்துக்கென்று மிஞ்சுவது 327 வரிதான். அகல டிவியில் போட்டால் நான்கு பக்கமும் கறுப்பு விழும், நடுவில் சிறு சட்டமாகப் படம் ஓடும். ரிமோட்டில் பெரிதாக்கினால் வரிகள் பிரிந்து தெரியும். இதற்கு மேல், ஒரே வட்டில் இரண்டு படம், மூன்று படம் என்று திணித்து விற்றதும் உண்டு. எட்டு மணி நேரத்தை 8.5 ஜிபிக்குள் அடக்கினால் நொடிக்கு இரண்டரை மெகாபிட்டுக்கும் குறைவாகவே ஒலிக்கும் ஒளிக்கும் சேர்த்துக் கிடைக்கும். மழைக்காட்சியிலும் கூட்டக்காட்சியிலும் படம் கட்டம் கட்டமாக உடைவது அதனால்தான். ஆகவே ‘டிவிடி’ என்று பொதுவாகப் பேசுவதில் அர்த்தமில்லை. ஒரே பெயரில் விற்றவற்றுக்குள்ளேயே தரம் மலைக்கும் மடுவுக்குமாக இருந்தது.

இசைப்பிரியர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். சினிமா நொடிக்கு 24 சட்டகங்களாக எடுக்கப்படுகிறது. பால் முறை டிவிடியோ நொடிக்கு 25. அந்த ஒரு சட்டகத்தைச் சமாளிக்கப் படத்தையே நான்கு சதவீதம் வேகமாக ஓட்டிவிடுவார்கள். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடியும். ஒலியைச் சரிசெய்யாமல் விட்டால் பாடல்களின் சுருதியும் ஏறக்குறைய அரைக் கட்டை ஏறிவிடும். ஒரு பாடலைக் கேசட்டிலும் வானொலியிலும் ஆயிரம் முறை கேட்டவருக்கு, டிவிடியில் குரல் ஏதோ மெலிந்து ஒலிப்பதாகத் தோன்றுவதன் காரணம் இது. என்டிஎஸ்சி டிவிடியில் சுருதி மாறாது, ஆனால் சட்டகங்களை ஏற்ற இறக்கமாக இரட்டிப்பதால் கேமரா மெதுவாக நகரும் காட்சிகளில் படம் இலேசாகத் தடுக்கும். புளூ-ரே 24 சட்டகத்தை அப்படியே வைத்துக்கொள்ளும், டிவியும் அதை ஏற்றுக்கொண்டால் இரண்டு குறையும் இல்லை. விளம்பரங்களில் யாரும் சொல்லாத இந்த ஒன்று, என்னைப் பொறுத்தவரை, ஐந்து மடங்குப் புள்ளிகளுக்குச் சமமான காரணம்.

எல்லாவற்றுக்கும் மேலே மூலப்பிரதி. 35 மில்லிமீட்டர் நெகட்டிவில் உயர்தெளிவு டிவி காட்டுவதைவிட அதிக விவரம் இருக்கிறது. அதனால்தான் அறுபது எழுபது வருடம் முந்தைய படத்தைக்கூட இன்று 4கே தெளிவில் வருடி எடுக்க முடிகிறது. டேவிட் லீனின் ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ 1962-இல் 65 மில்லிமீட்டர் ஃபிலிமில் எடுக்கப்பட்டது. அதன் நெகட்டிவை 8கே அளவில் வருடி, சுத்தம் செய்து, 2012-இல் புளூ-ரேயாகக் கொண்டுவந்தார்கள். பாலைவனத்துக் கானலில் தொலைதூரத்திலிருந்து ஒமர் ஷெரீஃப் ஒட்டகத்தில் வரும் காட்சியைப் பாருங்கள். டிவிடியில் அந்தப் புள்ளி வெக்கை அலைகளோடு கரைந்து கிடக்கும். புளூ-ரேயில் அது உருவம் பெறும் ஒவ்வொரு கணமும் தெரியும். காட்சியின் உயிரே அந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது. அந்தக் காட்சிக்காகவே ஒருவர் பிளேயர் வாங்கினால் நான் அவர் பக்கம் நிற்பேன்.

இன்னும் நமக்கு நெருக்கமானது சத்யஜித் ராயின் அபு முப்படங்கள். அவற்றின் அசல் நெகட்டிவ்கள் 1993-இல் லண்டனில் ஒரு ஃபிலிம் ஆய்வகத்தில் நடந்த தீவிபத்தில் கருகின. குப்பையாகிவிட்டதாக எண்ணப்பட்ட அந்தச் சுருள்களை அமெரிக்க அகாடமியின் ஆவணக்காப்பகம் தூக்கி எறியாமல் வைத்திருந்தது. இருபது வருடம் கழித்து இத்தாலியின் பொலோன்யாவிலுள்ள லிமாஜினே ரித்ரோவாத்தா ஆய்வகம், உருகி ஒட்டிக்கிடந்த ஃபிலிமை ஈரம் ஏற்றி இளக்கி, துளை துளையாகக் கையால் ஒட்டிச் செப்பனிட்டது. ‘பதேர் பாஞ்சாலி’யில் ஏறக்குறைய 40 சதவீதமும் ‘அபராஜிதோ’வில் 60 சதவீதத்துக்கு மேலும் அசல் நெகட்டிவிலிருந்தே மீண்டன. மீதிக்கும், ‘அபுர் சன்சா’ருக்கும், உலகின் பல காப்பகங்களில் இருந்த நகல்கள் கைகொடுத்தன. 2015-இல் கிரைட்டீரியன் நிறுவனம் மூன்றையும் புளூ-ரேயில் வெளியிட்டது. மழைக்கு முந்தைய குளத்தின் மேல் பூச்சிகள் ஓடுவதை அதில் பார்த்தவர்கள், தாங்கள் முன்பு பார்த்தது அந்தப் படமே இல்லையோ என்று எண்ணுவார்கள்.

தமிழில் இந்த அளவு உழைப்புக்கு உரிய படங்கள் ஏராளம், கிடைத்தவை வெகு சில. பி.ஆர்.பந்துலுவின் ‘கர்ணன்’ 1964-இல் வந்தது. டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டு 2012 மார்ச்சில் திரையரங்குகளுக்குத் திரும்பியபோது மக்கள் கூட்டமாக வந்து பார்த்தார்கள். 1965-இன் ‘ஆயிரத்தில் ஒருவன்’ 2014-இல் அதேபோல் மீண்டும் வந்தது. மணிரத்னத்தின் ‘நாயகன்’ 2023 நவம்பரில் 4கே தெளிவில் மீண்டும் வெளியானது. பார்க்க ஆள் இருக்கிறது என்பதற்கு இவை போதிய சான்று. ஆனால் நம் பழைய படங்கள் பலவற்றின் டிவிடி, தேய்ந்துபோன திரையரங்கப் பிரிண்டிலிருந்தோ தொலைக்காட்சிக்கென்று எடுத்த வீடியோ டேப்பிலிருந்தோ செய்யப்பட்டது. அப்படிப்பட்ட மூலத்தைப் புளூ-ரே வட்டில் ஏற்றினால் கோடுகளும் நிறமங்கலும்தான் துல்லியமாகத் தெரியும். உறையில் என்ன அச்சிட்டிருந்தாலும், மூலத்தில் இல்லாத விவரத்தை எந்த வட்டும் உண்டாக்கித் தர முடியாது. தமிழ்ப் புளூ-ரே ஒன்றை வாங்கும் முன் நான் முதலில் தேடுவது, அது நெகட்டிவிலிருந்து புதிதாக வருடப்பட்டதா என்ற தகவலைத்தான். அது உறையில் இல்லையென்றால் பெரும்பாலும் வாங்குவதில்லை.

2010-களில் தமிழ் சினிமா ஃபிலிமை விட்டு டிஜிட்டல் கேமராவுக்கு மாறிவிட்டதால் புதுப் படங்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. அவற்றிலும் ஒரு நுணுக்கம் உண்டு. உலகெங்கும் நீண்ட காலம் படத்தொகுப்பும் கிராபிக்ஸும் 2கே அளவிலேயே முடிக்கப்பட்டன. 2கே என்பது புளூ-ரேயின் 1920 புள்ளி அகலத்தைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். அத்தகைய படத்தின் 4கே வட்டு, புள்ளிகளைப் பெருக்கிக் காட்டுவது. அதில் உண்மையான ஆதாயம் எச்டிஆர் எனப்படும் விரிந்த ஒளி எல்லையும் நிறமும்தான். சாதாரணப் புளூ-ரேயில் ஒவ்வொரு முதன்மை நிறத்துக்கும் 256 படிகள், 4கே வட்டில் 1024. இரவு வானம், விளக்கொளியில் முகம், தீப்பந்தம் ஆகியவற்றில் இந்த வித்தியாசம் தெரியும். ஆனால் அதைக் காட்டுமளவு பிரகாசம் டிவிக்கு இருக்க வேண்டும். விலை மலிந்த 4கே டிவிகளில் எச்டிஆர் முத்திரை இருக்கும், அந்தப் பிரகாசம் இருக்காது.

இப்போது ஓடிடி. இன்றைக்குக் கேள்வியின் கனம் முழுவதும் இங்கேதான். நெட்ஃப்ளிக்ஸ் தன் சந்தாதாரர்களுக்கு, 1080 வரித் தெளிவுக்கு நொடிக்கு 5 மெகாபிட் இணைய வேகமும் 4கேக்கு 15 மெகாபிட்டும் இருந்தால் போதும் என்கிறது. புளூ-ரேயின் உச்சவரம்பு 40, 4கே வட்டின் உச்சவரம்பு 128 என்பதை அருகில் வைத்துப் பாருங்கள். ஓடிடி பயன்படுத்தும் சுருக்கமுறைகள் புதியவை, குறைந்த இடத்தில் நிறைய அடக்குகின்றன என்பதால் எண்களை அப்படியே ஒப்பிடக் கூடாது. நல்ல இணையம் இருந்து, நிதானமான காட்சிகள் ஓடும்போது, 4கே ஓடிடி சாதாரணப் புளூ-ரேயை நெருங்கும், எச்டிஆரினால் சில இடங்களில் மிஞ்சவும் செய்யும். ஆனால் புகை, மழை, இருட்டு, வேகமான சண்டை, ஃபிலிம் துகள்கள் என்று வந்துவிட்டால் வட்டு முந்திவிடும். இருட்டில் சாம்பல் நிறம் படிக்கட்டுப் படிக்கட்டாக இறங்குவதை ஓடிடியில் பார்த்திருப்பீர்கள். டேட்டாவின் செலவும் உண்டு. 4கே ஓடிடி ஒரு மணி நேரத்துக்கு 7 ஜிபி வரை இழுக்கும், இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படத்துக்குப் பதினேழு ஜிபிக்கு மேல்.

ஒலியில் வட்டு இன்னும் முன்னால் இருக்கிறது. 1996-இல் ‘கருப்பு ரோஜா’ டிடிஎஸ் ஒலியோடு வந்ததிலிருந்து ஒலியமைப்பில் தமிழ்நாடு காட்டிய ஆர்வம் நாடறிந்தது. டிவிடியின் டால்பி ஒலி நொடிக்கு 448 கிலோபிட்டுக்குள் நின்றது. ஓடிடியின் ஒலி 768 கிலோபிட் வரை போகும். புளூ-ரேயிலோ ஸ்டுடியோவில் முடித்த ஒலியைத் துளியும் இழக்காமல் வைக்கலாம், பெரும்பாலான ஆங்கில வட்டுகளில் அப்படித்தான் வைக்கிறார்கள். ரிசீவரும் தனித்தனி ஸ்பீக்கர்களும் வைத்திருப்பவருக்கு டிவியின் அளவே பொருட்டில்லை. 32 அங்குலத்திலும் புளூ-ரே அவருக்கு இலாபம். டிவியின் சொந்த ஸ்பீக்கரில் கேட்பவருக்கு இந்தப் பத்தி பொருந்தாது.

என்னை வட்டின் பக்கம் சாய்க்கும் காரணம் தெளிவுக்கும் ஒலிக்கும் அப்பாற்பட்டது. ஓடிடியில் இருக்கும் படம் நம்முடையதில்லை. உரிம ஒப்பந்தம் முடிந்தால் போய்விடும். காசு கொடுத்து ‘வாங்கிய’ படத்துக்கும் அதே நிலைதான். ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் பல சேர்ந்து நடத்திய அல்ட்ராவயலட் என்ற இணையப் பெட்டகம் 2019 ஜூலையில் மூடப்பட்டது. 2023 டிசம்பரில் சோனி, பிளேஸ்டேஷன் கடையில் வாடிக்கையாளர்கள் விலைகொடுத்து வாங்கிய டிஸ்கவரி நிகழ்ச்சிகளை நீக்கப்போவதாக அறிவித்து, எதிர்ப்பு வந்தபின் பின்வாங்கியது. இப்படிப்பட்ட விற்பனையில் கிடைப்பது உரிமம் மட்டுமே என்பதை வாங்குபவரிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று கலிஃபோர்னியா மாநிலம் சட்டமே இயற்றியது, 2025 ஜனவரியிலிருந்து அது நடப்பில் உள்ளது. அலமாரியில் இருக்கும் வட்டை யாரும் இரவோடிரவாக எடுத்துப் போக முடியாது.

ஆனால் அந்த வட்டு இன்னும் எத்தனை காலம் வரும்? போற்றப்பட்ட பிளேயர்கள் செய்த ஒப்போ 2018-இல் விலகியது. சாம்சங் 2019-இல், எல்ஜி 2024-இல். நெட்ஃப்ளிக்ஸ் 1998-இல் தொடங்கிய தபால்வழி வட்டுச் சேவையை 2023 செப்டம்பர் 29 அன்று நிறுத்தியது. சோனி 2025 பிப்ரவரியில் பதிவுசெய்யத்தக்க புளூ-ரே வட்டு உற்பத்தியை நிறுத்தியது. படங்கள் அச்சிட்ட வட்டுகள் இன்னும் வருகின்றன, சோனியும் பானாசோனிக்கும் பிளேயர் செய்கின்றன. விலை இன்னும் இறங்கும் என்று காத்திருப்பது இப்போது தவறான கணக்கு. போட்டி குறைந்துவரும் பொருளுக்கு விலை இறங்காது. வாங்குவதென்று தீர்மானித்தவர் தள்ளிப்போட வேண்டாம்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு தடையும் உண்டு. புளூ-ரேயில் உலகத்தை மூன்று மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். அமெரிக்காவும் ஜப்பானும் தென்கிழக்கு ஆசியாவும் ஏ, ஐரோப்பாவும் ஆஸ்திரேலியாவும் பி, இந்தியா சி. மேலே சொன்ன அபு முப்படங்களின் அமெரிக்கப் பதிப்பு ஏ மண்டலத்துக்குப் பூட்டப்பட்டது, இங்கே வாங்கிய பிளேயரில் ஓடாது. சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களுக்கு ஓடும், லண்டன் தமிழர்களுக்கு ஓடாது. 2016-இல் வந்த 4கே வட்டுக்கு மண்டலப் பூட்டே கிடையாது. அதனால் வெளிநாட்டு வட்டுகளை வரவழைத்துப் பார்க்க விரும்புபவர் 4கே பிளேயராக வாங்குவது நல்லது. அது சாதாரணப் புளூ-ரேயையும் டிவிடியையும் ஓட்டும் (அவற்றின் பூட்டு மட்டும் அப்படியே இருக்கும்). வட்டு டிரைவ் உள்ள பிளேஸ்டேஷன் 5 வீட்டில் இருந்தால் தனிப் பிளேயரே தேவையில்லை, அது 4கே வட்டையும் ஓட்டும். பிளேஸ்டேஷன் 4 ஓட்டாது.

தமிழ் வட்டுகளின் கடைவீதி மெலிந்துவிட்டது. 2007-இல் மோசர் பேயர் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்று, திருட்டு வட்டுக்கு மாற்றாக அசல் வட்டை நடுத்தர வீடுகளுக்குள் கொண்டுவந்தது. அந்நிறுவனம் பிற்பாடு திவாலானது. லண்டனைத் தளமாகக் கொண்ட ஐங்கரன் போன்றவை வெளிநாட்டுத் தமிழர்களுக்கென்று தரமான டிவிடிகளையும் சில புளூ-ரேக்களையும் வெளியிட்டன. அந்த வரத்தும் ஓடிடிக்குப் பிறகு வற்றியது. ஆகவே தமிழ்ப் படம் மட்டுமே பார்க்கும் ஒரு குடும்பத்துக்குப் புளூ-ரே பிளேயர் வாங்கச் சொல்ல என்னால் முடியவில்லை. அவர்களுக்கு நல்ல ஓடிடி சந்தாவும் தடையில்லாத இணையமும் போதும். ஆங்கிலமும் ஜப்பானியமும் வங்காளமும் சேர்த்துப் பார்ப்பவர், ஒரு படத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பவர், 55 அங்குலத்துக்கு மேல் டிவியோ நல்ல ஸ்பீக்கர்களோ வைத்திருப்பவர் தயங்காமல் வாங்கலாம். எல்லாப் படத்தையும் வட்டில் சேர்க்க வேண்டியதில்லை. வருடத்துக்கொரு முறையாவது திரும்பிப் போகும் படங்களை மட்டும் வாங்கினால் போதும்.

எது வாங்கினாலும் பழைய தமிழ் டிவிடிகளைக் கழித்துவிட வேண்டாம். புதிதாக வருடப்படாத படங்களுக்கு இன்று வீட்டில் கிடைக்கும் நல்ல பிரதி பெரும்பாலும் அந்த டிவிடிதான். தொலைக்காட்சியில் வெட்டுப்பட்ட பாடல்கள் அதில் முழுதாக இருக்கும், வசன வரிகளும் இருக்கும். புளூ-ரே பிளேயர் அதை ஓட்டும்போது 1080 வரிக்கு விரித்துக் காட்டும். தெளிவு கூடாவிட்டாலும் ஓரங்கள் சீராகும். விசிடியைத்தான் எல்லாப் புளூ-ரே பிளேயர்களும் ஏற்பதில்லை. விசிடியாக மட்டுமே கைவசம் உள்ள படங்கள் இருந்தால், பழைய பிளேயரைக் கொடுத்துவிடும் முன் அவற்றைக் கணினிக்கு மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.